கல்யாணக் கமராவைக் கீழே வைக்க வேண்டாம்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் நான்கு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். லீவு நாட்களில் சொந்தமாகவும் ஆர்டர் செய்கிறேன். என் படங்களைப் பார்த்த கொழும்புச் சஞ்சிகை ஆசிரியர் ஒருவர், கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றி ஒரு படக்கட்டுரை செய்து தரச் சொல்லி எழுதியிருக்கிறார். காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாண வேலை அலுத்துவிட்டது. மண்டபங்களில் வெளிச்சம் சரியில்லை. எல்லா வீட்டிலும் 'பிள்ளையக் கொஞ்சம் வெள்ளையாப் போடுங்க' என்கிறார்கள். இரவுப் பயணம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தை விட்டுவிட்டுப் பத்திரிகைப் படத்துக்கே போய்விடலாமா? (பெயர் வேண்டாம், ஹட்டன்)

பதில்:

தங்கச்சி, விட வேண்டாம். பயங்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இலங்கையில் பத்திரிகைக்கும் சஞ்சிகைக்கும் மட்டும் படம் எடுத்து வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் மிகக் குறைவு. நல்ல பெயர் எடுத்தவர்கள்கூட இடையில் கல்யாணம், ஹோட்டல், தொண்டு நிறுவன அறிக்கை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் காசு எனக்கு இரண்டாவது காரணம். அந்த ஆசிரியர் உங்களைத் தேடி வந்ததே உங்கள் கல்யாணப் படங்களைப் பார்த்துத்தான். அவர் அதில் எதைக் கண்டார் என்று முதலில் யோசியுங்கள்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் கையைத் தூக்குகிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, உட்கார்ந்திருந்த சனம் முழுக்க எழுந்து நிற்கிறது, முன்வரிசையில் பத்துப் பதினைந்து போன் உயர்கிறது, அட்சதை பறக்கிறது. அந்தச் சில நொடிக்குள் மாப்பிள்ளையின் விரல் நடுங்குவதையும், மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் குனிவதையும், ஓரத்தில் நிற்கும் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பதையும் நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். எங்கே நின்றால் போன்கள் மறைக்காது என்று மேளம் ஆரம்பிப்பதற்கு முன்னரே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கத் தெரிந்த ஆள்தான் படக்கட்டுரைக்கும் வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் இல்லை. வாரம் தவறாமல் கல்யாண வீட்டில் நின்றால் வரும்.

அலுத்துவிட்டது என்கிறீர்கள். ஒரே மேடை, ஒரே போஸ், ஒரே பிளாஸ்டிக் பூ என்றால் யாருக்கும் அலுக்கும்தான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள், தோட்டச் சனத்தின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. நம் மலைகளில் அது முதல் மண்சரிவும் இல்லை, கடைசியும் இல்லை. அப்படிப் போகிற வீட்டோடு அல்பமும் போகிறது. ஸ்டூடியோக்காரர் வைத்திருக்கும் பிரதி மட்டும்தான் சில குடும்பங்களுக்கு மிஞ்சும். அதனால் கல்யாணப் படத்தைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். அல்பம் கொடுத்த கையோடு ஃபைல்களை அழித்துவிடவும் வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

வெளிச்சம் பற்றி. நம் மண்டபங்களில் பெரும்பாலும் குழல் விளக்கும் மலிவு எல்ஈடியும்தான். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் இந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும், ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும் கைக்கு 1/100 போதும். ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளி உணர்திறனை, கூட்டப் பயப்பட வேண்டாம்; புள்ளி விழுந்த படத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள், கலங்கிய படத்தைத் தருவார்கள். ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பலாம் என்று கீழ்நாட்டில் சொல்லிக்கொடுப்பது நமக்குச் சரிவராது. இங்கே பாதி மண்டபத்துக் கூரை பலகை, மீதி தகரம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குடை வைத்து அதில் அடியுங்கள். நுவரெலியா மாதிரிக் குளிரான இடத்தில் வெளியே நின்றுவிட்டு, ஓம குண்டம் எரியும் மண்டபத்துக்குள் கமராவைக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் பிரச்சினை இல்லை. வீட்டில் லென்ஸைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த லென்ஸ் திரும்பி வராது.

ப்ரீஷூட்டுக்கு மூடுபனி வேண்டும் என்று ஆசைப்பட்டு வருவார்கள். பனி வந்ததும் கமரா குழம்பும். எல்லாம் வெள்ளை என்று நினைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டி எடுங்கள். ஃபோகஸைச் சேலைக் கரையிலோ பொட்டிலோ பிடியுங்கள். பள்ளத்தாக்கில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் நேரம் கொடுக்கவேண்டும்.

இனி 'வெள்ளையாப் போடுங்க'. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த வரி அது. அந்த அம்மாமாரைத் திட்டுவதில் பலன் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போன காயம் பல வீட்டில் ஆறாமல் கிடக்கிறது. இதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. கலர் ஃபிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் லேபுகளுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பிரிண்டின் நிறத்தை அவள் தோலுக்குச் சரிபார்த்துத்தான் மெஷினை அமைத்தார்கள். நம் முகங்கள் அந்த மெஷினில் சேறு மாதிரி வந்தன. அப்படிப்பட்ட படங்களைச் சுவரில் மாட்டி வளர்ந்த தலைமுறைதான் இன்றைக்கு மகளை வெள்ளையாகப் போடச் சொல்கிறது.

நான் பார்த்தவரையில், அவர்களில் பலர் உண்மையில் கேட்பது முகம் தெளிவாக இருக்கவேண்டும் என்பதைத்தான். வெளிச்சம் போதாமல் எடுத்த கறுத்த முகம் சாம்பல் பூத்து வரும். அதைப் பார்த்துத்தான் வெள்ளையாக்கச் சொல்கிறார்கள். ஆகவே கம்பியூட்டருக்கு முன்னால் உட்காருவதற்கு முன்பே வேலையை முடியுங்கள். வாசற்படியிலோ ஜன்னல் ஓரத்திலோ பெண்ணை நிறுத்தி, வெளிச்சம் பக்கவாட்டில் கன்னத்தைத் தொடும்படி முகத்தைத் திருப்புங்கள். கறுத்த தோலின் அழகு அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது. நேராக அடிக்கும் ஃபிளாஷ் அதைக் கொன்றுவிடும். வெளிச்ச அளவை முகத்துக்கு வையுங்கள், வேட்டி கொஞ்சம் கூடுதலாக வெளுத்தாலும் பரவாயில்லை. சுவரைப் பாருங்கள். லயன் வீட்டுச் சுவர் அநேகமாக இளம்பச்சை அல்லது நீலம். பெண் அதில் சாய்ந்து நின்றால் பாதி முகம் பச்சையாகிவிடும். இரண்டடி முன்னால் கொண்டுவாருங்கள். அப்புறம் அலங்காரம் செய்பவரோடு கல்யாணத்துக்கு முன்னரே பேசுங்கள். கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் வேறு நிறம் என்று பவுண்டேஷன் போட்டால் ஃபிளாஷ் பட்டதும் முகம் திருநீறு பூசினாற்போல் வரும், நீங்கள் என்ன செய்தும் அதைச் சரிப்படுத்த முடியாது.

அட்வான்ஸ் வாங்கப் போகும்போது இரண்டு பிரிண்ட் கொண்டுபோங்கள். ஒரே பெண், ஒரே படம். ஒன்று சரியாக வெளிச்சம் போட்டது, மற்றது வெளுக்கவைத்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வெளுக்கவைத்ததில் பிள்ளையின் ஜாடையே மாறியிருப்பது அம்மாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் வெளுக்கத்தான் வேண்டும் என்கிறவர்களின் ஆர்டரை வேறு கடைக்கு விடுங்கள். நிறத்தை மாற்றமாட்டேன் என்பதை விலைப்பட்டியலிலேயே ஒரு வரியாகப் போட்டுவிடலாம்.

இனி அந்தப் படக்கட்டுரை. கட்டாயம் செய்யுங்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்ணைப்போல இந்த நாட்டில் படம் எடுக்கப்பட்ட ஆள் வேறு இல்லை என்றே சொல்லலாம். தபால் அட்டை காலத்திலிருந்து அவளை விற்றிருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில், ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கமாகியிருக்கிறார். புகைப்படக் கலையின் பெரிய பெயர்களில் ஒன்று. 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர் இருக்கிறது: டார்வின், டெனிசன், ஹேர்ஷல். இங்கே அவர் எடுத்த உழைக்கும் சனத்தில் அநேகம் பேருக்குப் பெயர் இல்லை. படங்கள் மிக நேர்த்தியானவை. அவற்றில் இருப்பவர்கள் யார், எந்தத் தோட்டம், யாருடைய பாட்டி என்று இன்றைக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. நீங்கள் செய்யப்போவதில் அது நடக்கக்கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் முழுப்பெயர், தோட்டம், டிவிஷன், தேதி, என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை அன்று மாலையே எழுதுங்கள். அதே குறிப்பை ஃபைலுக்குள்ளும் பதியுங்கள். பெயரை அவர்கள் சொல்கிறபடி எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.

எல்லோரும் பெயரைப் போட விரும்பமாட்டார்கள். லயனைப் பற்றி, தராசில் கழிக்கும் கிலோவைப் பற்றி வாய் திறந்தால் நாளைக்கு வேலையில் என்ன வருமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம், முகம் வேண்டாம் என்றால் முகமும் வேண்டாம். இதைக் கங்காணி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள், வீட்டில் போய்க் கேளுங்கள். தோட்டம் கம்பெனியின் இடம், அதனால் துரையிடம் (தோட்ட மனேஜரிடம்) முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். துரை கொடுத்த அனுமதி நிலத்துக்குத்தான். அந்தப் பெண்ணின் முகத்துக்கு அவள்தான் அனுமதி கொடுக்கவேண்டும்.

மலைக்குப் போனதும் யாரையும் நிறுத்தி வைக்காதீர்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று அவளுக்குக் கணக்கு இருக்கிறது. நீங்கள் சிரிக்கச் சொல்லி நிறுத்தும் பத்து நிமிடம் தராசில் குறையும். கூடை இல்லாமல் பையில் பறிக்கிறார்களென்றால் பையோடுதான் எடுக்கவேண்டும். படத்துக்காகக் கூடையைத் தேடிப் பிடித்து நெற்றியில் மாட்டினால் அதற்குப் பிறகு அது விளம்பரப் படம். உல்லாசப் பயணிகள் வரும் பாதை ஓரத்தில் அப்படிப்பட்ட படம் வேண்டிய அளவுக்குக் கிடைக்கிறது, ஆசிரியர் உங்களிடம் கேட்பது அதை இல்லை.

நீங்கள் லயனில் பிறந்தவள். காலைப் பிரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், பேர் போடும்போது யார் எங்கே நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர் ஒன்பது மணிக்கு வந்து மலையைத்தான் எடுப்பார். நீங்கள் விடியுமுன் அடுப்பு மூட்டும் நேரத்திலிருந்து தொடங்கலாம். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு இடத்தில்) குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும் முகம், இடுப்பில் கட்டிய படங்குத் துணியில் நீர் சொட்டுவது, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தேய்ப்பது, கொழுந்து நிறுக்கும்போது எல்லாக் கண்ணும் தராசு முள்ளில் இருப்பது. முக்கியமாகக் கை. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல் நுனியும், சுட்டுவிரல் ஓரத்து வெடிப்பும் ஒரு பக்கம் முழுக்கப் போடக்கூடிய படம். அந்த விரல்களை வேலை நேரத்தில் பிடித்து வைத்து எடுக்காமல், சாயங்காலம் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருக்கும்போது எடுங்கள்.

ஒரு கண்டிப்பு: கல்யாணப் படத்தில் முகப்பருவை நீக்கலாம், பின்னால் தொங்கும் வயரை அழிக்கலாம். சஞ்சிகைப் படத்தில் ஒன்றையும் அழிக்கக்கூடாது, சேர்க்கக்கூடாது. வெளிச்சமும் நிறமும் அளவோடு சரிசெய்வதோடு நிறுத்துங்கள். ரோ ஃபைலை, கமரா பதிந்த மூலத்தை, பத்திரமாக வையுங்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோ மாதிரிப் போட்டிகளில் கடைசிச் சுற்றுக்கு வருகிறவர்களிடம் அதைக் கேட்பார்கள். படம் எடுத்த வீடுகளுக்குப் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள், போனில் அனுப்பினால் போதாது.

எப்போது செய்வது? நம் பஞ்சாங்கமே வழி விடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் கல்யாணம் இல்லை. ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடு வரை. அப்போது ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை கொட்டும், ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைத் தோட்டங்களில் தேயிலைக்கு நல்ல மணம் ஏறும் பருவம் அது. ஃபெக்டரிப் படம் எடுக்கவேண்டுமென்றால் அந்த மாதம் அங்கே போங்கள். உங்கள் டிம்புள்ளப் பகுதிக்கு நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. மார்கழிக் கடைசியில் மழை விட ஆரம்பிக்கும், உங்களிடமும் கல்யாண ஆர்டர் இருக்காது. மாசியில் பிறை கண்டு, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றும் தோட்டங்கள் உங்கள் பக்கமும் இருக்கின்றன. காமனை எரிக்கும் வரை இரவிரவாக நடக்கும் அந்தக் கூத்தை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க முடிந்தால், அது உங்கள் அடுத்த படக்கட்டுரை. கூத்தை நடத்தும் வாத்தியாரிடம் முதலில் போய்ப் பேசுங்கள்.

ஸ்டூடியோ விஷயத்தையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலைசெய்து எடுத்த படத்தின் பொருளாதார உரிமை, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், முதலாளிக்குப் போகும். ஆகவே கடைக்காக எடுத்த படத்தைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். சஞ்சிகை வேலையை உங்கள் சொந்தக் கமராவில், உங்கள் லீவு நாளில், தனியாகச் செய்யுங்கள்.

அம்மாவின் கவலை நியாயமானது. மலைப்பாதையில் கடைசி பஸ் போன பிறகு ஒரு பெண்பிள்ளை தனியாக நிற்க முடியாது. வீட்டில் கொண்டுவந்து விட வான், அல்லது பெண்கள் தங்கும் அறையில் ஒரு இடம் என்பதை ஆர்டர் எழுதும்போதே போடுங்கள். கேட்டால் செய்து தருவார்கள். பெண் அலங்காரம் செய்யும் அறைக்குள் ஆண் போட்டோக்காரர் போக முடியாது, உங்களால் போக முடியும். அதற்காகவே உங்களைக் கூப்பிடும் வீடுகள் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லி விலையைக் கூட்டுங்கள், குறைக்க வேண்டாம்.

அந்த ஆசிரியருக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். எத்தனை பக்கம், எத்தனை படம், எவ்வளவு காசு, அச்சாகி எத்தனை நாளில் கைக்கு வரும், பயணச் செலவு யாருடையது, சஞ்சிகையைத் தவிர வேறு எங்கே படம் போகும், படத்துக்குக் கீழே உள்ள குறிப்பை அச்சுக்கு முன் உங்களுக்குக் காட்டுவார்களா. மார்கழிக் கடைசியில் செய்கிறேன் என்று நாளையும் நீங்களே சொல்லுங்கள். காசுக்கு மட்டும் பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் மழுப்பினால் விட்டுவிடுங்கள். படங்களை உங்களுக்காகவே எடுத்து, முடிந்த பிறகு மூன்று நான்கு சஞ்சிகைகளுக்குக் காட்டலாம். எனக்கும் அனுப்புங்கள், எந்தப் படத்தை முதலில் வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.